நெல் ஆலை முற்றத்தில் ஓட்டம் பழக்கிய வருடம்

கிண்ணியாவில் ஒரு நெல் ஆலையின் தராசில்தான் என் புதிய தொழில் தொடங்கியது. மூட்டை நிறுக்கும் பெரிய இரும்புத் தராசு அது. வீட்டில் வைத்து நிறுக்கும் சின்னத் தராசு ஒன்றை நான் டவுனிலிருந்து கொண்டுபோயிருந்தேன். ஆலைச் சொந்தக்காரர் ஏறி நின்றதும் அதன் முள் கடைசி இலக்கத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே என்னை ஆலைக்குள் கூட்டிப்போனார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சாரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி மூட்டைத் தராசில் ஏறினார். நூற்றுப் பதினெட்டுக் கிலோ.

அவர் கிலோவில் யோசிக்கிறவர் அல்ல. நெல் வாங்கி விற்கிறவர்களுக்கு எல்லாமே புசல் கணக்குத்தான். ஒரு புசல் நெல் இருபது கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும்.

“அப்ப நான் ஆறு புசலுக்குக் கொஞ்சம் கொறவு,” என்றார். “எவ்வளவு எறக்கோணும் மாஸ்டர்?”

“ஒரு புசல் இறக்கினால் காணும் நானா.”

“ஒரு புசல்தானே!” என்று ஆலை வேலையாட்களைத் திரும்பிப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. ஒரு புசலை மூட்டையிலிருந்து இறக்குவதற்கும் வயிற்றிலிருந்து இறக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்கு அவருக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியவில்லை.

என்னை மாஸ்டர் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்; அண்ணன் முறையில் நான் அவரை நானா என்றேன். அதற்கு முன் நான் துறைமுகத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். அது போர் நடந்துகொண்டிருந்த காலம். திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுவார்கள். அந்தப் பெருமையில் ஒரு சொட்டுக்கூட எங்கள் கந்தோர் வரைக்கும் வந்து சேரவில்லை. கடற்படைக் கப்பல்கள் போகும், வரும். அவற்றுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. எங்கள் கணக்கில் வருகிற சரக்குக் கப்பல் எப்போதாவதுதான் தலைகாட்டும். மற்ற நாட்களில் ‘வந்த கப்பல் இல்லை, இறக்கிய சரக்கு இல்லை’ என்று படிவம் நிரப்பி, மூன்று பிரதி எடுத்து, மூன்று இடத்துக்கு அனுப்புவேன். பதினொரு வருடம் இப்படி ‘இல்லை’ எழுதியே என் கையெழுத்து அழகாகிப் போனது.

பின்னேரங்களில் நாலைந்து பேர் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய கராச்சில் சேர்ந்து பாரம் தூக்குவோம். பால்மா டின்னில் சீமெந்தைக் குழைத்து ஊற்றி, நடுவில் குழாயைச் செருகி நாங்களே செய்த பாரங்கள். அந்த ஒரு மணித்தியாலம்தான் எனக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு முதுகை எப்படி வைப்பது, மூச்சை எப்போது விடுவது என்று சொல்லிக் கொடுக்கும்போது என் குரல் மாறிவிடும் என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள். கொழும்பில் உடற்பயிற்சி பழக்குகிறவர்களுக்கு மூன்று மாத வகுப்பு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, இருந்த லீவையெல்லாம் போட்டுவிட்டுப் போய்ப் படித்து வந்தேன். திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தால் அந்தப் படிவத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த சிவப்புப் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“பென்சன் வாற உத்தியோகத்தை விட்டிட்டு, ஆக்களின்ர தொப்பையைக் குறைக்கப் போறீங்களோ?”

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். “ஓம், போறன்,” என்றேன். இரண்டு நாள் கதைபேச்சு இல்லை. மூன்றாம் நாள் அவளே ஒரு வழி சொன்னாள். ஒரு வருடம் சம்பளமில்லாத லீவு எடுக்க வேண்டும். அதற்குள் இந்தத் தொழில் காலூன்றாவிட்டால் திரும்ப மேசைக்குப் போக வேண்டும். “பிறகு இந்தக் கதை எங்கட வீட்டில வரக்கூடாது,” என்றாள். சரி என்றேன்.

முதல் நாலு மாதமும் பட்டபாடு நாய் படாது. வங்கி மனேஜர் ஒருவருக்குத் தொப்பை குறைய வேண்டும், மத்தியானச் சோறு மட்டும் குறையக் கூடாது. இன்னொருவர் மூன்றாம் நாளே, “நாளைக்கு இருப்பமோ தெரியாது, இதுக்குள்ள தொப்பை இருந்தால் என்ன, போனால் என்ன?” என்று கேட்டார். நாலாம் நாள் அவர் வரவில்லை. கடைசியில் மிஞ்சியது ஒரே ஆள், முதன்முதலில் வந்த கிண்ணியா நானா.

அவர் தானாகவே என் வீடு தேடி வந்தவர். ஐம்பத்தைந்து வயது, சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் நோவு. அடுத்த வருடம் மனைவியோடு ஹஜ்ஜுக்குப் போக எல்லாம் பேசி வைத்திருந்தார். டொக்டர் பார்த்துவிட்டு, இந்த உடம்போடு போனால் சில்லுக் கதிரையில் வைத்துத்தான் தள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

“நான் கதிரையில இருந்து கடமைய முடிக்க மாட்டன் மாஸ்டர்,” என்றார். மக்காவில் இரண்டு சிறு குன்றுகளுக்கு இடையே ஏழு தடவை நடக்க வேண்டும். கிண்ணியாவில் அதைத் தொங்கோட்டம் என்பார்கள். வழியில் பச்சை விளக்குப் போட்ட ஒரு துண்டு இருக்கிறதாம். அந்த இடத்தில் ஆண்கள் ஓட வேண்டும், பெண்கள் நடந்தால் போதும். “அந்தத் துண்ட என்ட காலால ஓடோணும். அதுக்கு ஏத்த மாதிரி என்னச் செஞ்சி தாங்க.”

அப்படித்தான் ஆளை அளந்த தராசும், இறக்க வேண்டிய ஒரு புசலும், ஓட வேண்டிய அந்தச் சிறு துண்டும் என் தலையில் விழுந்தன. என் தொழிலும் அதில்தான் தொங்கியது.

காலையில் முதல் பஸ் எடுத்தால் சீனன்குடாவில் படையினரின் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். பதுங்குகுழி கட்ட உதவும் என்று, சீமெந்து என்ற சொல்லே சந்தேகமான காலம். அதை டின்னுக்குள் ஊற்றி, குழாயும் செருகி, பையில் போட்டுக்கொண்டு திரிகிறவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதல் நாள் இரண்டு மணித்தியாலம் குந்த வைத்துவிட்டார்கள். கடைசியில் பொறுமை போய், டின்களை எடுத்து அவர்களுக்கு முன்னாலேயே பத்துத் தரம் தூக்கி இறக்கிக் காட்டினேன். காவலுக்கு நின்ற பொடியன் வாங்கித் தானும் தூக்கிப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் நிற்கும் நாளெல்லாம் பையைத் திறந்து, பத்துத் தரம் தூக்கிவிட்டுத்தான் திருப்பித் தருவான். பஸ்ஸில் இருந்த சனம் அவனைத் திட்டப் பயந்து என்னைத் திட்டும்.

அங்கிருந்து கிண்ணியாத் துறை. இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகும் தட்டையான இரும்பு மிதவையை நாங்கள் பாதை என்போம். ஆடும், மாடும், மீன்பெட்டியும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், நானுமாக அதில் நிற்போம். காலைக் காற்றில் உப்பு மணக்கும். இப்போது அந்த இடத்தில் பாலம் வந்துவிட்டது, இரண்டு நிமிடத்தில் அக்கரை. எனக்கு அந்தப் பாதையில் நின்றபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போன காலைகள்தான் வேண்டும். சுகமான காலம் என்று அதைச் சொல்ல ஏலாது. ஆனாலும் நினைத்தால் மனம் அங்கேதான் போய் நிற்கிறது.

நானாவின் மனைவியை நான் ராத்தா என்று கூப்பிடுவேன், அவர்களுக்குள் அது அக்கா முறை. அதிகம் பேசமாட்டார். குசினிப் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். காலையில் பதினாறு இடியப்பம் சாப்பிட்ட மனிதருக்கு ஆறு என்று நான் சொன்னால் ஆறுதான் தட்டில் வரும். ஏழாவதற்காக நானா கெஞ்சும் சத்தம் முற்றத்துக்குக் கேட்கும். “மாஸ்டருக்குத் தெரியப்போவுதா?” என்பார். “தராசுக்குத் தெரியும்,” என்று ராத்தாவின் பதில் வரும்.

மூன்று மாதத்தில் அரைப் புசல் போய்விட்டது. எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது. இனி மெதுவாக ஓட்டத்தைத் தொடங்கலாம் என்று நினைத்தேன். ஆலையிலிருந்து துறைக்குப் போகும் தெரு நல்ல சமதரை, கடற்காற்றும் உண்டு. கொழும்பில் படித்ததையெல்லாம் நினைவு வைத்திருந்த நான், எந்த ஊரில் நிற்கிறேன் என்பதை மறந்துவிட்டேன். அன்றைய காலத்தில் எங்கள் பகுதியில் தெருவில் யாரும் ஓடுவதில்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட வேகமாக நடப்பார்களே தவிர ஓடமாட்டார்கள். ஒருவர் ஓடினால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

காலை ஏழரை மணி, மீன்கடையில் நல்ல சனம். நான் முன்னால், நானா ஐந்தடி பின்னால். களிசானும் பனியனுமாக முகம் சிவக்க, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ஓடி வருகிறார். ஊரில் பெரிய மனிதர், ஒருநாளும் அவசரப்படாத மனிதர். ஒரு கடைக்காரர் எழுந்து, “என்ன நானா?” என்று கத்தினார். நானாவுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. ஒன்றுமில்லை என்று சொல்லக் கையை மட்டும் வீசினார். பார்த்தவர்களுக்கு அது ‘போங்க, போங்க’ என்று விளங்கிவிட்டது.

அவ்வளவுதான். கடைகளின் பலகைக் கதவுகள் படபடவென்று விழுந்தன. மீன் வாங்க வந்த பெண்கள் பையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சைக்கிள்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். துறையில் நின்ற பாதை பாதிச் சனத்தோடு நடுத் தண்ணீருக்குப் போய்விட்டது. எங்கேயோ விசில் ஊதியது. எனக்கு முன்னால் இத்தனை பேர் ஓடுவதைப் பார்த்ததும், ஏதோ நடந்துவிட்டது என்று நானும் தலைதெறிக்க ஓடினேன். நானாவும் ஓடினார். என்னை முந்திக்கொண்டு ஓடினார். ஒரு தேத்தண்ணிக் கடையின் பின்கதவால் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே போய், மேசைக்குக் கீழே குந்திக்கொண்டு, கடைக்காரரிடம், “என்ன நடந்த?” என்று கேட்டார்.

“எனக்கென்ன தெரியும்? நீங்கதானே நானா ஓடி வந்த!” என்றார் மேசைக்குக் கீழே இருந்த கடைக்காரர்.

பின்னாலேயே நுழைந்து குந்திய என்னோடு மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது நானாதான். அன்றைக்கு அவர் ஓடிய வேகத்தை அதற்குப் பிறகு எந்தப் பயிற்சியாலும் என்னால் வரவழைக்க முடியவில்லை. ஆனால் படையினர் வந்து இரண்டு பேரையும் விசாரித்து, பள்ளிக்கூடம் பாதியில் விட்டு, மத்தியானம் வரைக்கும் ஊர் அடங்கிக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் என் புத்தி கெட்ட யோசனைதான் காரணம்.

ராத்தா திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு வசனம் சொன்னார். “இனி ரோட்டுல ஓட வேணாம் மாஸ்டர்.” குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு ஆலை முற்றத்துக்கு வந்தோம். அவித்த நெல்லைக் காயப்போடும் பெரிய சீமெந்துத் தளம், சுற்றிவர ஆள் உயர மதில். வெளியிலிருந்து பார்த்தால் எவர் ஓடுவதும் தெரியாது. காலையில், வேலையாட்கள் நெல்லைப் பரப்புவதற்கு முன் எங்களுக்கு ஒரு மணித்தியாலம். வெறுங்காலுக்குத் தளம் குளிராக இருக்கும். அவித்த நெல் மணம் மூக்கில் ஏறும். மதில் ஓரமாக முதலில் நடை, பிறகு ஒரு மூலையிலிருந்து மற்ற மூலை வரைக்கும் ஓட்டம். மூச்சு வாங்கினால் நிற்பார். முழங்கால் நொந்தால் திட்டுவார். நானும் திட்டுவேன். இரண்டு பேரும் திட்டிக்கொண்டே ஏழு மாதம் ஓட்டினோம். ஒரு காலை தராசுக் குண்டை நகர்த்தியபோது தொண்ணூற்றேழில் நின்றது. வேலையாட்கள் கைதட்டினார்கள். நானா தட்டிலிருந்து இறங்காமலே என் தலையில் கையை வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

டொக்டரும் சரி சொல்லிவிட்டார். புறப்படுவதற்கு முதல்நாள் நானா கேட்டார். “ஒங்கட லீவு எப்ப முடியிது?”

“நீங்கள் திரும்பி வந்த கையோட நானா. அதுக்கடுத்த திங்கக்கிழமை ஒண்டில் மேசைக்குப் போகவேணும், இல்லாட்டி விலகல் கடிதம் குடுக்கவேணும்.”

“அப்ப நான் ஓடிட்டு வந்து சொல்றன். அதுக்குப் பொறகு கடிதத்தக் குடுங்க. ஓட ஏலாமப் பெயித்தெண்டா மேசைக்குப் போங்க. அதுதான் நியாயம்.”

வியாபாரியின் நியாயம். எனக்கும் அது பிடித்திருந்தது. மனைவியிடம் சொன்னேன். அவளும், “சரி, பாப்பம்,” என்றாள். கடிதத்தை எழுதி அலுமாரியில் வைத்தேன். அவர்கள் போயிருந்த வாரங்களில் என் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஐந்து வேளை தொழுகிற மார்க்கத்தவன் அல்ல நான். ஆனாலும் கோயிலில் கும்பிடும்போது அந்த முழங்காலுக்காகத்தான் கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை காலையே பாதை ஏறினேன். வீடு நிறையச் சனம். பேரீச்சம்பழமும் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீரும் தந்தார்கள். எல்லோரும் அவரை ஹாஜியார் என்று கூப்பிட்டார்கள். இன்னும் மெலிந்து, முகம் கறுத்து, அழகாக இருந்தார். சனம் போகும்வரை பொறுத்திருந்தேன்.

“ஓடினீங்களா நானா?”

“இல்ல மாஸ்டர்.”

“முழங்காலோ?”

“முழங்காலுக்கு ஒண்டுமில்ல. எல்லாம் என்ட காலாலதான். கதிரைக்காரன் ரெண்டு தரம் வந்து கேட்டான், வேணாண்டுட்டன்.”

“பிறகு ஏன் ஓடேல்லை?” என் குரல் உயர்ந்துவிட்டது. ஒரு வருட உழைப்பு, என் தொழில், எல்லாம் அந்தச் சிறு துண்டில் இருந்தது அவருக்குத் தெரியும்தானே!

அவர் குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். “பச்ச லைட் வந்த ஒடன முன்னால போன ஆம்புளையள் எல்லாம் ஓடத் தொடங்கிட்டாங்க. நானும் காலத் தூக்கினன். அப்ப இவ என்ட கையப் புடிச்சிட்டா. கை சில்லெண்டு இரிக்கி. ‘ஏன் எல்லாரும் ஓடுறாங்க, என்ன நடந்த’ எண்டு கேக்குறா. ஹஜ் வகுப்புல அவ்வளவு படிச்சிக் குடுத்தாங்க, எல்லாம் தெரியும் அவவுக்கு. கண்ணுக்கு முன்னால ஓடக்குள்ள எல்லாம் மறந்து பெயித்து. முந்தி நம்மட ஊருல வந்த அந்தப் பெரிய கலவரத்துல ஊரோட ஓடக்குள்ள இவட தங்கச்சிட கைய விட்டுட்டா. ரெண்டு நாளுக்குப் பொறகுதான் அந்தப் புள்ளய உசிரோட தேடி எடுத்த. அவடத்துல வெச்சி அந்தக் கைய நான் எப்புடி ஒதறுற? நடந்தன். ஏழு தரமும் அவட கையப் புடிச்சிக்கிட்டு நடந்தன்.” பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார். “ஓட்டம் சுன்னத்துத்தான், கட்டாயமில்ல, அல்லாஹ் ஏத்துக்குவான். ஒங்கட வேலதான் பழுதாப் பெயித்து.”

கத்தியதற்காக நான் வெட்கப்பட்டேன். ஒரு வருடமாக அந்த வீட்டுக்குப் போய்வந்திருக்கிறேன். நானாவின் மூச்சை, நாடித்துடிப்பை, முழங்காலை எல்லாம் கவனித்திருக்கிறேன். திரைக்குப் பின்னால் நின்றவரைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. “மாஸ்டர், எனக்கும் பழக்குவீங்களா?”

“ஓடவோ ராத்தா?”

“ஓட வேணாம். ஓட இந்த ஊருல எல்லாருக்கும் தெரியும். சனம் ஓடக்குள்ள பயப்படாம நிக்கத்தான் எனக்குத் தெரியா.”

அப்படி ஒரு பயிற்சி கொழும்பு வகுப்பில் இருக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே, “ஓடினாரோ?” என்று கேட்டாள்.

“ஓடேல்லை.”

பேனையை மூடிவைத்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு நடந்ததெல்லாவற்றையும் சொன்னேன். ராத்தா கேட்டதையும், நான் ஓம் என்றதையும் சொன்னேன். மேசைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் போகிறேன், சொன்ன சொல் சொல்தான் என்றேன். அவள் கொப்பிகளை ஒருபக்கம் அடுக்கி வைத்தாள். பிறகு எழுந்து, அலுமாரியைத் திறந்து, கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“திங்கக்கிழமை இதைக் குடுங்கோ. அவவுக்கு நீங்கள் தனியப் போய்ப் பழக்கேலாது. சனிக்கிழமையளில நானும் வாறன்.”

“துணைக்கோ?”

“துணைக்கில்லை,” என்றாள். “எனக்கும் நிக்கத் தெரியாது.”